அந்தப் பையன் என்னப்பா ஆனான்?

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்கு வந்து உக்காந்தாரு தூரத்து உறவுல சித்தப்பா ஒருத்தர். எனக்கு டென்னிஸ் பைத்தியம்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும், அதனால பேச்சு தானா அங்க வந்துடும். அவரும் ஒரு காலத்துல நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்துக்கு வருஷா வருஷம் ஜனவரியில போனவர்தான். "ஏம்ப்பா, நம்ம ஊர் பையன் ஒருத்தன் சோம்தேவயே அடிச்சானே, ராம்குமார், அப்போ என்னா பேச்சு பேசினாங்க, என்னப்பா ஆனான் அவன்? வேஸ்ட்டா போயிட்டான்ல?" அப்படின்னாரு. நான் வாய் தொறக்கறதுக்குள்ள ரசம் வந்துடுச்சு, அவரு அந்தப் பக்கம் திரும்பிட்டாரு, அப்புறம் பேச்சு யாரோட பொண்ணு எங்க வேலை பாக்குதுன்னு போயிடுச்சு.

அவர் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. இதே கேள்விய ஆபீஸ்லயும் கேட்டிருக்காங்க, டென்னிஸ் நல்லா தெரிஞ்சவங்களே கேட்டிருக்காங்க. ஆனா அந்த 'வேஸ்ட்'ங்கற வார்த்தை மட்டும் அன்னிக்கு ராத்திரி வரைக்கும் கூடவே வந்துச்சு, இன்னும் போகல. ராம்குமார் ராமநாதன் ஆட்டத்த அவரோட 19 வயசுலேர்ந்து பாத்துட்டு வர்றவங்கள்ல நானும் ஒருத்தன். அவர் உலக ரேங்க்ல டாப் 100-க்குள்ள வரல, விம்பிள்டன் மாதிரி நாலு பெரிய போட்டி இருக்கே, அந்த கிராண்ட் ஸ்லாம் எதுலயும் சிங்கிள்ஸ் மெயின் டிராவுல ஆடல, ரெண்டும் உண்மை. ஆனா அந்த ரெண்டு வரிய வெச்சு ஒரு ஆளோட வாழ்க்கைய மூடி வெச்சுடலாம்னா நாங்க இத்தன வருஷமா உக்காந்து பாத்தது என்ன?

2014 ஜனவரி, நுங்கம்பாக்கம்

அந்த வருஷ சென்னை ஓப்பன்ல எல்லாரும் பாக்க வந்தது வாவ்ரிங்காவ. அவரும் ஏமாத்தல, இங்க கப்ப தூக்கிட்டு நேரா மெல்போர்ன் போய் அதே மாசம் ஆஸ்திரேலியன் ஓப்பனையும் ஜெயிச்சாரு. ஆனா எங்க கூட்டத்துக்கு அந்த வாரம் ராம்குமார் வாரம். ரேங்க் எங்கயோ கீழ இருந்த, சென்னையில பொறந்து வளந்து பார்சிலோனாவுல சான்செஸ் அகாடமிக்குப் போய் பயிற்சி எடுத்துட்டிருந்த ஒரு பையன், அன்னிக்கு நாட்டோட பெரிய பேரா இருந்த சோம்தேவ் தேவ்வர்மனோட மோதப்போறான்னா அத எப்படி பாக்காம இருக்கறது.

எங்க வரிசையில யாருக்கு கை தட்டறதுன்னே ஒரு தடுமாற்றம் இருந்துச்சு. ஏன்னா சோம்தேவும் இதே ஸ்டேடியத்தோட செல்லப்பிள்ளைதான். 2009-ல இதே கோர்ட்டுல ஃபைனல் வரைக்கும் வந்து சிலிச்கிட்ட தோத்தப்போ மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்னு தட்டுச்சு, அதுக்கடுத்த வருஷம் காமன்வெல்த் தங்கம், ஆசிய விளையாட்டு தங்கம்னு வாங்கிட்டு வந்தவரு. அவருக்கு எதிரா எப்படி கத்தறது? ஆனா ராம் சர்வ் போட ஆரம்பிச்சதும் மனசு தானா அந்தப் பக்கம் சாஞ்சுடுச்சு. பந்த நல்லா உயரத் தூக்கிப் போட்டு, உடம்ப முழுசா நீட்டி, அடிச்ச கையோட நெட்ட பாத்து ஓடி வர்ற அந்த ஓட்டம் இருக்கே, பேஸ்லைன்லயே நின்னு முப்பது ஷாட் ரேலி ஆடற காலத்துல அத பாக்கறதுக்கே ஒரு சந்தோஷம். எனக்கு முன் வரிசையில வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர், யார்கிட்டயும் பேசாம உக்காந்திருந்தவர், ராம் ஒரு லோ வாலிய குனிஞ்சு ரொம்ப மெதுவா நெட்டுக்குப் பக்கத்துலயே வெச்சப்போ "விஜய் மாதிரியே வெக்கறான் பாருங்க தம்பி"ன்னு எங்கிட்ட திரும்பிச் சொன்னாரு. விஜய் அமிர்தராஜ். இந்த ஊர்ல அதுக்கு மேல ஒரு பாராட்டு கிடையாது.

சோம்தேவ் தோத்தாரு. ராம் கால் இறுதி வரைக்கும் போய் ஸ்பெயின்காரர் கிரானோயர்ஸ்கிட்ட தோத்தாரு. அவ்ளோதான் அந்த வாரம். ஆனா வெளிய வர்றப்போ ஆட்டோ பிடிக்க நின்ன கூட்டத்துல காதுல விழுந்தது எல்லாம் ஒரே கணக்கு, "இன்னும் ரெண்டு வருஷத்துல டாப் 100, அப்புறம் விம்பிள்டன்." ராமநாதன் கிருஷ்ணன் 1960, 61-ல ரெண்டு தடவ விம்பிள்டன் அரையிறுதி ஆடின ஊரு இது, ரமேஷ் கிருஷ்ணன் 1979-ல ஜூனியர் விம்பிள்டன் ஜெயிச்ச ஊரு, விஜய் ரெண்டு தடவ அங்க கால் இறுதி போன ஊரு. இங்க ஒரு பையன் நல்லா சர்வ் போட்டா அவன் தலையில இந்த மொத்தப் பட்டியலையும் ஏத்தி வெச்சுடுவோம். ராம் தலையிலயும் அன்னிக்கு ஏத்தினோம்.

ஃபாலோ பண்றதுன்னா

பெரிய பிளேயர் ஒருத்தர ஃபாலோ பண்றது சுலபம், டிவியில வருவாரு, பேப்பர்ல வருவாரு. 300-வது, 200-வது ரேங்க்ல இருக்கற ஒரு பையன ஃபாலோ பண்றதுன்னா அது லைவ் ஸ்கோர்தான். அவன் எங்க ஆடறான்னே மொதல்ல தேடணும். ஒரு வாரம் சீனா, அடுத்த வாரம் உஸ்பெகிஸ்தான், அப்புறம் அமெரிக்காவுல பேரு கேள்விப்படாத ஒரு டவுன். பெரிய டோர்னமெண்ட்டுக்கு ஒரு படி கீழ இருக்கற சேலஞ்சர் மேட்ச் ஸ்ட்ரீம் வந்தா ஒரே ஒரு கேமரா, கோர்ட்டுக்குப் பின்னாடி உயரத்துல ஆணி அடிச்ச மாதிரி நிக்கும், ரீப்ளே கிடையாது, பாதி நேரம் ஸ்டாண்டுல பத்துப் பேர் கூட இருக்க மாட்டாங்க, பந்து அடிக்கற சத்தமும் ஷூ தேய்ற சத்தமும் நல்லா கேக்கும். ஸ்ட்ரீமும் இல்லன்னா ஸ்கோர் நம்பர் மட்டும்தான். 15-30, 30-30, 30-40. அந்த 30-40-ல நம்பர் மாறாம அப்படியே நிக்கும் பாருங்க, அந்த இருபது செகண்ட்ல என்னென்னவோ யோசிப்போம், டபுள் ஃபால்ட்டா, டவல் எடுக்கப் போயிருக்காரா, நெட்வொர்க் போச்சான்னு.

நாங்க நாலஞ்சு பேர் ஒரு வாட்ஸ்அப் குரூப் வெச்சிருந்தோம், இன்னும் இருக்கு. அதுல ராத்திரி ரெண்டு மணிக்கு "பிரேக்!"னு ஒருத்தன் போடுவான், காலையில எழுந்து பாத்தா அதுக்குக் கீழ "தோத்துட்டாரு"ன்னு இன்னொருத்தன் போட்டிருப்பான். சேலஞ்சர்ல வாரத்துக்கு ஒருத்தன்தான் ஜெயிப்பான், மத்த எல்லாருமே தோத்துட்டுத்தான் அடுத்த ஃப்ளைட் ஏறணும். தோல்விதான் வழக்கம், ஜெயிக்கறதுதான் விசேஷம், இது பழகறதுக்கே எங்களுக்கு ரொம்ப நாள் ஆச்சு.

2016-ல டெல்லியில ஸ்பெயினோட டேவிஸ் கப், அதாவது நாடும் நாடும் மோதற போட்டி. நடால் வயித்துக் கோளாறுல சிங்கிள்ஸ் ஆடல, பதிலா ஃபெலிசியானோ லோபஸ் இறங்கினாரு, ராம் அவர்கிட்டேர்ந்து ஒரு செட் எடுத்தாரு. அடுத்து 2017 ஜூன், துருக்கியில அன்டால்யா, புல் தரை. டொமினிக் தீம் அப்போ உலகத்துல 8-வது, மூணு வாரம் முன்னாடிதான் பாரிஸ்ல ஜோகோவிச்ச அடிச்சு ஃப்ரெஞ்ச் ஓப்பன் அரையிறுதி ஆடியிருந்தாரு. ராம் 222-வது. ஸ்கோர் 6-3, 6-2, ஒரு மணி நேரம் கூட ஆகல. குரூப்ல யாரும் வார்த்தையே போடல, வெறும் ஸ்க்ரீன்ஷாட்டா போட்டுத் தள்ளினோம். அடுத்த ரவுண்டுல பாக்தாதிஸ்கிட்ட தோத்தாரு, அது யார் கண்ணுலயும் படல. அந்த ஒரு மேட்ச்தான் ராம்குமார் மேல எங்களுக்கு ஒரு உரிமை வந்த மாதிரி பண்ணிடுச்சு. சீட்டு கட்டறவங்க மாதிரி ஆயிட்டோம், இத்தன வருஷம் கட்டியாச்சு, எப்போ எடுக்கறதுன்னு.

நியூபோர்ட்டும் அந்தத் திங்கட்கிழமையும்

2018 ஜூலை. அமெரிக்காவுல நியூபோர்ட், டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கற இடம், பழைய புல் கோர்ட்டு. 1998-ல லியாண்டர் பயஸ் இதே இடத்துல ஜெயிச்சதுதான் ஏடிபிங்கற ஆண்கள் டூர் சிங்கிள்ஸ்ல இந்தியாவுக்குக் கடைசி டைட்டில். ராம் அங்க கால் இறுதியில கனடாவோட போஸ்பிசில அடிச்சாரு. இந்தப் போஸ்பிசில்கிட்டதான் ஆறு மாசம் முன்னாடி ஆஸ்திரேலியன் ஓப்பன் குவாலிஃபையிங் கடைசி ரவுண்டுல தோத்து மெயின் டிராவ விட்டிருந்தாரு, அதனால எங்களுக்கு அந்த வெற்றி இரட்டிப்பு. அரையிறுதியில டிம் ஸ்மிசெக். ஃபைனல்ல ஸ்டீவ் ஜான்சன். 2011-ல சோம்தேவ் ஜோகன்னஸ்பர்க்ல ஆடினதுக்கு அப்புறம் ஒரு இந்தியன் ஏடிபி சிங்கிள்ஸ் ஃபைனல்ல நிக்கறது அதான் முதல் தடவ. ஞாயிறு ராத்திரி நாங்க யாரும் தூங்கல. 7-5 ஜான்சன், 6-3 ராம், மூணாவது செட்டு 6-2 ஜான்சன். முடிஞ்சுது.

தோத்தது வலிச்சுது, ஆனா எனக்கு இன்னும் ஆறாதது வேற ஒண்ணு. நியூபோர்ட் ஃபைனலுக்கு 150 பாயிண்ட், அதுல ராமோட ரேங்க் 161-லேர்ந்து 115-க்கு ஏறுச்சு, அடுத்த வாரம் 111. அதுதான் இன்னிக்கு வரைக்கும் அவரோட பெஸ்ட். கிராண்ட் ஸ்லாம் மெயின் டிராவுல 128 பேர், அதுல 104 பேர் ரேங்க் வெச்சு நேரா உள்ள போவாங்க, 8 பேருக்கு வைல்ட் கார்டு, 16 பேர் குவாலிஃபையிங்ல மூணு மேட்ச் ஜெயிச்சு வரணும். யாராவது காயம்னு விலகினா 105, 106, 107-னு பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கதவு தொறக்கும். சரி, 111-ல இருக்கறவருக்கு யுஎஸ் ஓப்பன் கதவு பக்கத்துலதானே? இல்ல. ஏன்னா அந்த லிஸ்ட்ட டோர்னமெண்ட்டுக்கு ஆறு வாரம் முன்னாடி இருக்கற ரேங்க வெச்சு எடுப்பாங்க. யுஎஸ் ஓப்பன் ஆகஸ்ட் 27, ஆறு வாரம் பின்னாடி போனா ஜூலை 16, நியூபோர்ட் ஆரம்பிச்ச அதே திங்கட்கிழமை. அதாவது ராம் அந்த வாரம் நல்லா ஆடத் தொடங்கறதுக்கு முன்னாடியே லிஸ்ட்டு மூடியாச்சு, அதுல அவர் 161. அடுத்து ஆஸ்திரேலியன் ஓப்பனுக்கு லிஸ்ட் எடுக்கறப்போ ரேங்க் நழுவியிருந்துச்சு, மறுபடியும் குவாலிஃபையிங். அடுத்த வருஷம் ஜூலையில 52 வாரம் முடிஞ்சதும் அந்த 150 பாயிண்டும் கழிஞ்சு போச்சு, 2019 முடியறதுக்குள்ள ரேங்க் 150-க்கும் கீழ.

இத ஏன் இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, 111-க்கும் 100-க்கும் நடுவுல இருக்கறது வெறும் பதினோரு பேர்னு வெளியிலேர்ந்து பாக்கறவங்களுக்குத் தோணும். அந்த வருஷம் விம்பிள்டன்ல மொத ரவுண்டுலயே தோத்து வெளிய வந்தவருக்கு 39,000 பவுண்ட். அதே வருஷம் 50,000 டாலர் சேலஞ்சர் ஒண்ண அஞ்சு மேட்ச் ஆடி ஜெயிச்சவனுக்கு 7,200 டாலர். வருஷத்துக்கு நாலு தடவ மொத ரவுண்டுல தோத்தாலே ஒரு நல்ல கோச்சையும் ஃபிஸியோவையும் கூட்டிட்டு ஊர் ஊரா போகலாம். வெளிய நிக்கறவன் ஃப்ளைட் டிக்கெட்ட பாத்துப் பாத்து எடுக்கணும், கோச்ச சில வாரம் வீட்டுலயே விட்டுட்டுப் போகணும், அப்படிப் போயி அந்தப் பதினோரு பேர தாண்டணும். உள்ள இருக்கறவங்க உள்ளயே இருக்கறதுக்கும் வெளிய இருக்கறவங்க வெளியவே நிக்கறதுக்கும் திறமை மட்டும் காரணம்னு நான் நம்பல.

பிரஜ்னேஷ்

இங்க பிரஜ்னேஷ் குணேஸ்வரன் பத்தி சொல்லாம போக முடியாது. அவரும் சென்னைதான், இடது கை, ராம விட அஞ்சு வயசு பெரியவரு. முட்டி எலும்புல ஏற்பட்ட முறிவால இருபதுகளோட முதல் பாதி கிட்டத்தட்ட முழுசாவே போச்சு. 2014-ல நுங்கம்பாக்கமே ராம் பேர சொல்லிட்டிருந்தப்போ பிரஜ்னேஷ அடுத்த ஸ்டார்னு யாரும் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல. அவரு 2018-ல ஆசிய விளையாட்டுல வெண்கலம் வாங்கினாரு, 2019 ஆஸ்திரேலியன் ஓப்பன்ல குவாலிஃபை ஆகி மெயின் டிராவுல இறங்கினாரு, பிப்ரவரியில டாப் 100, இண்டியன் வெல்ஸ்ல பெனுவா பேர்ங்கற பிளேயரையும் பாசிலாஷ்விலியையும் அடிச்சாரு, ஏப்ரல்ல 75. அந்த வருஷம் நாலு ஸ்லாமும் மெயின் டிரா ஆடினாரு, அப்போ அவருக்கு 29 வயசு. எங்க குரூப்ல சந்தோஷத்தோட ஒரு மௌனமும் இருந்துச்சு. சின்ன வயசுலயே வந்தாத்தான் வரவுன்னு எல்லாரும் பேசற பேச்சுக்கு பதில் அதே ஊர்லேர்ந்தே வந்து நின்னுது.

நாலுலயும் மொத ரவுண்டு தோல்விதான், கடைசியா யுஎஸ் ஓப்பன்ல அவர தோக்கடிச்சது மெத்வதேவ். இந்த மெத்வதேவ் 2017 ஜனவரியில, சென்னையில ஆண்கள் ஓப்பன் நடந்த கடைசி வருஷம், நுங்கம்பாக்கத்துல தன்னோட முதல் ஏடிபி ஃபைனல் ஆடினவரு. பாட்டிஸ்டா அகுத்கிட்ட தோத்தாரு. கை காலெல்லாம் தனித்தனியா ஆடற மாதிரி ஒரு ஒல்லி ரஷ்யன், ஃபோர்ஹாண்ட் அடிக்கற விதமே விநோதமா இருக்கும், இவன் நம்பர் ஒன் ஆவான்னு அன்னிக்கு அந்த ஸ்டேடியத்துல யாராவது சொல்லியிருந்தா பக்கத்துல இருந்தவங்க திரும்பிப் பாத்திருப்பாங்க. 2022-ல அதே இடத்துல பொண்ணுங்க டோர்னமெண்ட், செக் நாட்டு லிண்டா ஃப்ருவிர்தோவா 17 வயசுல ஃபைனல்ல லினெட்ட மூணு செட்டுல அடிச்சு கப்ப தூக்குச்சு, நாலு மாசத்துல ஆஸ்திரேலியன் ஓப்பன் நாலாவது ரவுண்டு, டாப் 50. இதோ அடுத்த பெரிய பேருன்னு எல்லாரும் எழுதினாங்க, அதுக்கப்புறம் ரேங்க் 100-க்கு வெளிய போயிடுச்சு. ஒரே கோர்ட்டு, ஒரே ஸ்டாண்டு, பாக்கறதும் ஏறக்குறைய அதே ஜனங்க. யார் எங்க போவாங்கன்னு அங்க உக்காந்திருந்த யாருக்கும் தெரியல.

ரோஹாம்ப்டன்

இத்தன வருஷத்துல எந்த மேட்ச் உங்களுக்கு முக்கியம்னு கேட்டா நான் தீம் மேட்ச சொல்ல மாட்டேன், நியூபோர்ட்டும் இல்ல. 2021 ஜூன், விம்பிள்டன் குவாலிஃபையிங் கடைசி ரவுண்டு. அது விம்பிள்டன்ல நடக்காது, சில மைல் தள்ளி ரோஹாம்ப்டன்ல ஒரு ஸ்போர்ட்ஸ் கிளப்ல பக்கத்து பக்கத்துல கோர்ட்டு போட்டு நடத்துவாங்க. ஜெயிச்சவன் விம்பிள்டன் போவான், தோத்தவன் பைய தூக்கிட்டுக் கிளம்பணும். எதிர்ல ஆஸ்திரேலியாவோட மார்க் போல்மன்ஸ். ராமுக்கு 26 வயசு, எத்தனையோ ஸ்லாம் குவாலிஃபையிங் முட்டிப் பாத்தாச்சு. மொத ரெண்டு ரவுண்டு மூணு செட்டு, இது மட்டும் அஞ்சு செட்டு.

நான் வீட்டுலேர்ந்து வேலை பாத்துட்டிருந்த காலம் அது. லேப்டாப்புல ஆபீஸ் ஃபைல், போன சார்ஜர் வயரோட மேஜ ஓரத்துல சாச்சு வெச்சு ஸ்கோர். மொத செட்டு 3-6 போச்சு. ரெண்டாவது 6-3 வந்துச்சு. மூணாவது 6-6 ஆகி, செட்ட முடிக்கறதுக்கு ஆடற டைபிரேக்ல எடுத்தாரு. இப்போ ரெண்டுக்கு ஒண்ணு, இன்னும் ஒரே ஒரு செட்டு. நாலாவது 3-6. அஞ்சாவது செட்டுல 6-6 ஆச்சு. அந்த வருஷ விம்பிள்டன் ரூல்படி அஞ்சாவது செட்டுல 12-12 வந்தாத்தான் டைபிரேக், அதனால ஆட்டம் போயிட்டே இருந்துச்சு. 7-7. 8-8. மூணு மணி நேரம் தாண்டியாச்சு. குரூப்ல யாரும் எதுவும் போடல, ஏதாவது போட்டா கெட்டுடும்னு ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பயம். 9-9. எங்கம்மா காபி வெச்சுட்டு "என்னடா மூஞ்சி இப்படி இருக்கு, ஆபீஸ்ல ஏதாவது பிரச்சனையா"ன்னு கேட்டாங்க, நான் போன காட்டினேன், அவங்களும் ஒண்ணும் புரியாமலே நின்னுட்டாங்க. 10-9 போல்மன்ஸ். அப்புறம் அந்த நம்பர் 11-ஆ மாறுச்சு, பேருக்குப் பக்கத்துல டிக் வந்துடுச்சு, அவ்ளோதான், ஸ்கிரீன்ல அடுத்த கோர்ட்டு ஸ்கோர் ஓட ஆரம்பிச்சுது.

அன்னிக்கு ராத்திரி குரூப்ல ஒருத்தன் எழுதினான், "போதும்டா, இனிமே நான் பாக்கல." அவன் கோவத்துல எழுதல, எல்லாருக்குமே உள்ள அதுதான் இருந்துச்சு. எனக்கு அப்போதான் ஒண்ணு தோணுச்சு. எங்களுக்கு இவ்ளோ வலிக்குதே, நாங்க போன மூடி வெச்சுட்டு சாப்பிடப் போயிடலாம், அந்த ஆள் என்ன பண்ணுவாரு? புல்லுல மூணு மணி நேரம் குனிஞ்சு குனிஞ்சு வாலி போட்ட காலோட ரூமுக்குப் போகணும், ஐஸ் வெக்கணும், அடுத்த டோர்னமெண்ட் எங்கன்னு பாக்கணும். அவர் எங்களுக்கு எதுவும் தரேன்னு என்னிக்கும் சொல்லல. டாப் 100-ங்கற நம்பர ஆட்டோ ஸ்டாண்டுல நின்னு பேசினது நாங்கதான். அவர் சொன்னதெல்லாம் அடுத்த வாரமும் ஆடறேன்ங்கறது மட்டும்தான், அத அவர் ஒரு வாரம் கூட மீறல.

ஒரு வாரம் கழிச்சு விம்பிள்டன்ல மிக்ஸட் டபுள்ஸ் மொத ரவுண்டு, அங்கிதா ரெய்னாவோட ராம் இறங்கினாரு, எதிர்ல சானியாவும் போபண்ணாவும். நாலு பேருமே இந்தியர். தோத்தாங்க, 6-2, 7-6. சிங்கிள்ஸ்ல கெடைக்காத அந்தப் புல்லுல வெள்ளை டிரஸ்ஸோட அவர் நிக்கறத பாத்தப்போ, பாக்கலன்னு எழுதின அதே ஆள்தான் குரூப்ல மொத போட்டோவ போட்டான்.

அந்த நவம்பர்ல பஹ்ரைன், மனாமா சேலஞ்சர். அதுக்கு முன்னாடி ராம் ஆறு சேலஞ்சர் ஃபைனல் தோத்திருந்தாரு, புனேயிலயும் தைபேயிலயும் யூகி பாம்ப்ரிகிட்ட தோத்த ரெண்டும் அதுல சேர்த்தி. ஏழாவதுல ரஷ்யாவோட கார்லோவ்ஸ்கிய 6-1, 6-4. முதல் சேலஞ்சர் சிங்கிள்ஸ் டைட்டில், 27 வயசுல. பேப்பர்ல ஓரமா ஒரு சின்ன பத்தி வந்திருக்கும். நாங்க அன்னிக்கு தீம் மேட்சுக்குக் கூட அப்படி சந்தோஷப்படல, ஒருத்தன் குரல் அனுப்பினான், அழுதுட்டே பேசியிருந்தான். ரெண்டு மாசத்துல அடிலெய்ட்ல போபண்ணாவோட ஏடிபி டபுள்ஸ் கப், அடுத்த மாசம் புனேயில இன்னொண்ணு. 2023-ல ஹாங்சூ ஆசிய விளையாட்டுல சாகேத் மைனேனியோட டபுள்ஸ் வெள்ளி. 2024 பிப்ரவரியில இஸ்லாமாபாத் போயி டேவிஸ் கப்ல ஐசாம் குரேஷியோட மொத செட்ட டைபிரேக்ல விட்டு, ரெண்டாவத டைபிரேக்ல எடுத்து, மூணாவத 6-0-ன்னு முடிச்சாரு.

சித்தப்பாவுக்கு நான் சொல்ல நெனச்சது இதெல்லாம்தான். உலகத்துல கோடிக்கணக்கான பேர் ஆடற ஒரு விளையாட்டுல 111-வதா நின்ன ஆள வேஸ்ட்னு சொல்ற மனசு எங்கேர்ந்து வருது? எந்த ஆபீஸ்ல, எந்த தொழில்ல உலகத்துல 111-வதா இருக்கறவர நாம அப்படி சொல்லுவோம்? 19 வயசுல ஒருத்தர பாத்து நாமளே ஒரு கதைய எழுதி வெச்சுக்கறோம், அப்புறம் அவர் அந்தக் கதைப்படி நடக்கலன்னா அவர் தோத்துட்டாருன்னு சொல்றோம். இது நியாயமே இல்லங்கறதுதான் என் கட்சி, இதுல எனக்கு ரெண்டாவது யோசனை கிடையாது.

இப்போ குரூப்ல பேச்சு முழுக்க கோயம்புத்தூர் மாயா ராஜேஸ்வரன் ரேவதி பத்தி. 2025 பிப்ரவரியில மும்பையில டபிள்யூடிஏங்கற பெண்கள் டூர் டோர்னமெண்ட்ல குவாலிஃபையிங்லேர்ந்து வந்து 15 வயசுல அரையிறுதி, அங்க ஜில் டைக்மன்கிட்ட தோல்வி, மல்லோர்காவுல நடால் அகாடமியில பயிற்சி. பாப்பா அடிக்கறத பாத்தா யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வருது. உடனே 'அடுத்த சானியா'ன்னு தலைப்பு போட ஆரம்பிச்சாச்சு. ஏன் இந்தப் பொண்ணு எல்லா வாரமும் ஆடலன்னு குரூப்ல புதுசா சேந்த ஒரு தம்பி கேட்டான். 18 வயசு ஆகற வரைக்கும் பொண்ணுங்க வருஷத்துக்கு இத்தன டோர்னமெண்ட்தான் ஆடலாம்னு டபிள்யூடிஏ ரூல் இருக்குப்பா, 13 வயசுல ப்ரொஃபஷனல் ஆன ஜெனிஃபர் கேப்ரியாட்டி பட்ட பாட்ட பாத்து 1990-கள்ல கடுமையாக்கினாங்க, அது அந்தப் பொண்ணோட நல்லதுக்குத்தான்னு நான் எழுதினேன். "அப்போ டாப் 100 எப்போண்ணா வரும்?"னு கேட்டான். அதுக்கு நான் பதில் எழுதல, அடுத்த மேட்ச் டிரா வந்ததும் லிங்க்க மட்டும் அவனுக்கு அனுப்பி வெச்சேன்.